பாட்டும் பந்தியும்

1829ஆம் ஆண்டு தஞ்சாவூர்ச் சபையில் ஒரு சண்டை முற்றியது. ஒரு பக்கம் வேதநாயகம் சாஸ்திரியார். பழைய மிஷனெரி சுவார்ட்ஸ் ஐயர் வளர்த்த பிள்ளை, பெத்லகேம் குறவஞ்சி பாடியவர், சுவிசேட கவிராயர் என்று சபைகள் கொண்டாடிய புலவர். மறுபக்கம் ஹௌப்ரோ முதலான புதிய தலைமுறை மிஷனெரிகள். சாஸ்திரியார் தம் தரப்பு நியாயத்தை எழுதியே வைத்தார். மிஷனெரிகள் சபைக்கு நான்கு கொடுமைகள் செய்கிறார்கள் என்பது அவருடைய குற்றச்சாட்டு. வேதாகமத்தின் பழைய மொழிபெயர்ப்பை மாற்றுகிறார்கள். எல்லாச் சாதியாரையும் ஒன்றாகக் கலக்கச் சொல்கிறார்கள். விசேஷங்களில் பூவை விலக்குகிறார்கள். ஆராதனையில் தமிழ்ப் பாட்டை நிறுத்துகிறார்கள்.

இன்று இதைப் படிக்கிறவர் பூவுக்கும் பாட்டுக்கும் சாஸ்திரியார் பக்கம் நிற்பார். சாதி என்று வந்ததும் திடுக்கிடுவார். சாஸ்திரியாருக்கோ நான்கும் ஒரே வழக்கு. முன்னோர் கொடுத்ததை அந்நியன் பறிக்கிறான், அவ்வளவுதான். எதிரே நின்ற மிஷனெரிக்கும் அது ஒரே வழக்குதான். எல்லாமே பழைய அஞ்ஞானத்தின் மிச்சம், துடைத்துப் போட வேண்டியது. பூவும் தீண்டாமையும் ஒரே மூட்டைக்குள் கிடந்தன. ஒருவர் மூட்டையை அப்படியே வைத்துக்கொள்ளப் பார்த்தார், மற்றவர் அப்படியே எறியப் பார்த்தார். அவிழ்த்துப் பார்க்க இருவருக்கும் மனமில்லை. (மொழிபெயர்ப்புச் சண்டை தனிக் கதை, அதை இங்கே விட்டுவிடலாம்.)

கிறிஸ்தவனாக விவேகத்தோடு வாழ்வது எப்படி என்று கேட்டால் பெரும்பாலும் தனிமனித ஒழுக்கப் பட்டியல் ஒன்றே பதிலாக வருகிறது: ஜெபம், வேதவாசிப்பு, தசமபாகம், பொய் சொல்லாமை. யாரும் மறுக்க முடியாத பட்டியல். ஆனால் தமிழ்க் கிறிஸ்தவர்கள் நானூறு ஆண்டுகளாகத் தடுக்கி விழுந்த இடம் அந்தப் பட்டியலில் இல்லை. ஊர் வழக்கத்தில் எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்ற இடத்தில்தான் பெரிய பக்திமான்களும் சறுக்கியிருக்கிறார்கள்.

இந்தக் கேள்வியை முதலில் கூர்மையாக எழுப்பியவர் 1606இல் மதுரைக்கு வந்த ராபர்ட் டி நொபிலி. காவி உடுத்து, புலால் விடுத்து, தமிழும் சமஸ்கிருதமும் கற்றார். பூணூல், குடுமி, சந்தனம், நீராடல் எல்லாம் சமூக அடையாளங்களே, மதச் சின்னங்கள் அல்ல என்று வாதிட்டார். 1623இல் போப் பதினைந்தாம் கிரகோரி அவற்றை நிபந்தனையோடு அனுமதித்தார். பண்பாட்டை மதித்த முன்னோடி என்று நொபிலியை இன்று பாராட்டுகிறோம். அந்தப் பாராட்டில் பாதியைத்தான் நான் ஒப்புக்கொள்வேன். பிராமணருக்கு அருகில் போக அவர் எடுத்த ஒவ்வோர் அடியும் பரவர், பறையர் முதலான கிறிஸ்தவர்களிடமிருந்து அவரைத் தள்ளி நிறுத்தியது. சந்தனம் சமூக வழக்கம் என்று நிறுவிய அதே வாதம், விலகி நிற்பதும் சமூக வழக்கமே என்று சொல்ல வழி செய்தது.

எண்பது ஆண்டுகள் கழித்து ரோமையின் தூதராக வந்த தூர்னோன் 1704இல் புதுச்சேரியில் ஒரு தடையாணை பிறப்பித்தார். அவர் தடுத்தவற்றின் பட்டியல் விசித்திரமானது. பிள்ளையார் உருவம் பொறித்த தாலி கூடாது. பெண் பூப்பெய்தினால் கொண்டாடக் கூடாது. திருநீறு கூடாது. இவற்றின் நடுவிலேயே இன்னொன்றும் வருகிறது: நோயில் கிடக்கும் பறையர் வீட்டுக்குள் போய் அருட்சாதனம் வழங்க மறுக்கும் வழக்கமும் கூடாது. சாகக் கிடக்கிறவனின் வாசலை மிதிக்க மறுப்பதும் தாலியின் வடிவமும் ஒரே ஆணையில், ஒரே தரக் குற்றங்களாக! 1744இல் போப் பதினான்காம் பெனடிக்ட் இந்தத் தகராறுக்கு முற்றுப்புள்ளி வைத்தபோது, பறையர்களுக்கென்று தனியாகக் குருக்களை நியமிக்கும் ஏற்பாட்டுக்கு இடம் கொடுத்தார். தாலிக்குத் தீர்ப்பு கிடைத்தது. வாசலுக்குக் கிடைத்தது ஒரு நிர்வாக ஏற்பாடு.

புராட்டஸ்டண்டுகளின் கதையும் வேறல்ல. சீகன்பால்கு 1706இல் தரங்கம்பாடியில் இறங்கினார். 1718இல் புதிய எருசலேம் ஆலயம் எழும்பியது. ஒரே கூரையின் கீழ் சூத்திரர் ஒரு பக்கம், பறையர் ஒரு பக்கம் என்று இடம் பிரிந்தது. 1733இல் ஆரோன் முதல் தமிழ்ப் போதகராக அபிஷேகம் பெற்றார். அடுத்தவரைத் தேர்ந்தெடுக்க வேண்டி வந்தபோது தஞ்சாவூர்ப் பக்கத்தில் ராஜநாயக்கன் என்ற உபதேசியார் இருந்தார். மராத்தியப் படையில் சிப்பாயாக இருந்து ஊழியத்துக்கு வந்தவர்; உழைப்பிலும் விசுவாசத்திலும் யாருக்கும் குறைந்தவரல்ல. ஆனால் பறையர். அவர் கையிலிருந்து திருவிருந்து வாங்கச் சபையார் தயங்குவார்கள் என்று மிஷனெரிகளே தயங்கினார்கள். 1741இல் அந்த அபிஷேகம் தியாகு என்பவருக்குப் போயிற்று. ராஜநாயக்கன் வாயிலிருந்து வசனம் கேட்கலாம், கையிலிருந்து அப்பம் வாங்கக் கூடாது! தமிழ்நாட்டுத் திருச்சபை வரலாற்றில் இதைவிடத் துல்லியமாக நோயைக் காட்டும் சம்பவம் எனக்குத் தெரியாது.

இந்தப் பரம்பரையில்தான் வேதநாயகம் வளர்ந்தார். 1774இல் திருநெல்வேலியில் பிறந்தவர். பன்னிரண்டு வயதளவில் சுவார்ட்ஸோடு தஞ்சைக்கு வந்தார். பிற்காலத்தில் தஞ்சை அரசராகிய சரபோஜியும் சுவார்ட்ஸின் மாணவரே. அரண்மனைக்கும் ஆலயத்துக்கும் நடுவே நின்ற இந்தக் கவிஞர் வேதக் கதைகளைக் குறவஞ்சியாகவும் நொண்டி நாடகமாகவும் கும்மியாகவும் மாற்றினார். சாஸ்திரக் கும்மியில் சகுனத்தையும் நாள் நட்சத்திரத்தையும் கேலி செய்தார். பெருவுடையார் மேல் ஒரு குறவஞ்சி பாடும்படி அரசர் கேட்டபோது மறுத்துவிட்டார் என்று தஞ்சைச் சபைகளில் இன்றும் கதை சொல்வார்கள். அரசனுக்கு அஞ்சாதவர், மூடநம்பிக்கையை எள்ளி நகைத்தவர். அப்படிப்பட்டவர்தான் சாதி வரிசைக்காக வரிந்துகட்டினார்.

அவருடைய வாதத்தை அற்பமென்று ஒதுக்க முடியாது. சாதி என்பது உலக அந்தஸ்து, ஆத்துமத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்றார். ஐரோப்பாவில் பிரபுவும் குதிரைக்காரனும் ஒரே இருக்கையில் உட்காருகிறார்களா என்று கேட்டார். அடி சரியான இடத்தில் விழுந்தது. அந்நாளைய இங்கிலாந்தில் கோயில் இருக்கைகள் வாடகைக்கு விடப்பட்டன. பணம் கட்டியவனுக்கு முன்வரிசை, ஏழைக்குப் பின்புறத்து இலவச பெஞ்சு. தஞ்சாவூர்ச் சபையில் சாதிவாரியாக விரித்த பாயைச் சுருட்டச் சொன்ன துரைமாருக்குத் தங்கள் ஊர் பெஞ்சு உறுத்தவில்லை. ஆனால் எதிராளியின் குற்றத்தைச் சுட்டிக்காட்டிவிட்டால் நம் குற்றம் நியாயமாகிவிடாது. சாஸ்திரியார் அங்கே கோட்டைவிட்டார். மிஷனிலிருந்து நீக்கப்பட்டார், சரபோஜியின் அரண்மனை அவரை ஆதரித்தது.

1833இல் கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன் தென்னிந்தியச் சபைகளுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். சாதி வேறுபாட்டை உறுதியாக, உடனடியாக, முடிவாகக் கைவிட வேண்டும் என்பது அதன் சாரம். வேப்பேரியிலும் தஞ்சையிலும் திருச்சியிலும் வேளாளக் கிறிஸ்தவர்கள் பலர் எழுந்து வெளியே போனார்கள். பின்னர் லைப்சிக் லுத்தரன் மிஷன் வந்தபோது அதில் போய்ச் சேர்ந்தார்கள். சாதியைப் படிப்படியாகவே கரைக்க வேண்டும் என்பது அந்த மிஷனின் கொள்கை. அமெரிக்கன் மதுரை மிஷன் நேர்மாறான வழியில் போயிற்று. 1840களின் இறுதியில் உபதேசிமாருக்கு அது வைத்த பரீட்சையில் எழுத்தும் இல்லை, வாய்மொழியும் இல்லை. தாழ்த்தப்பட்ட ஒருவர் சமைத்த சோற்றை எல்லாரோடும் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். மறுத்தவர்கள் வேலையிழந்தார்கள். கட்டாயப்படுத்திச் சாப்பிட வைப்பது அன்பின் விருந்தாகுமா என்பது நியாயமான கேள்வி. ஆனாலும் அந்த மிஷனெரிகளுக்கு ஒன்று புரிந்திருந்தது: விசுவாசப் பிரமாணத்தை யார் வேண்டுமானாலும் மனப்பாடமாக ஒப்பித்துவிடலாம், ஒரு கவளம் சோறு பொய் சொல்லாது.

இதே மதுரை மிஷனின் எட்வர்ட் வெப் ஐயர்தான் 1853இல் தமிழ்க் கீர்த்தனைகளைத் தொகுத்து அச்சிட்டார். அதற்காகத் தஞ்சைக்குப் போய், முதியவராகிவிட்ட சாஸ்திரியாரிடமே பாட்டுகளைக் கேட்டு வாங்கினார். தொகுப்பில் பெரும்பங்கு சாஸ்திரியார் பாடல்களே. மூட்டையை அவிழ்த்துப் பார்த்தவர் என்று யாரையாவது சொல்ல வேண்டுமானால் வெப்பைச் சொல்லலாம்: பந்தியில் விட்டுக்கொடுக்காத மிஷன், பாட்டில் சாஸ்திரியாரிடம் கைநீட்டியது. 1864இல் சாஸ்திரியார் கண்மூடும்போது, அவர் பாட்டுகள் அவரை விலக்கிய சபைகளிலும் ஒலித்துக்கொண்டிருந்தன.

இனி வடக்கன்குளத்துக்கு வருவோம். திருநெல்வேலி மாவட்டத்தின் தென்கோடியில், ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குக் கிழக்கே இருக்கும் பழைய கத்தோலிக்க ஊர். திருவிதாங்கூர் அரண்மனை அதிகாரி நீலகண்ட பிள்ளை 1745 மே 14இல் இங்கேதான் தேவசகாயம் என்ற பெயரில் ஞானஸ்நானம் பெற்றார். தாழ்த்தப்பட்டவர்களோடு பழகி, அவர்களோடு உண்டது அவருடைய உறவினருக்கும் அரண்மனைக்கும் பெரிய எரிச்சலாக இருந்தது. 1752 ஜனவரி 14இல் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15இல் புனிதராக அறிவிக்கப்பட்டார்.

அதே ஊரில் 1872இல் சேசு சபையினர் ஒரு கோயில் கட்டினார்கள். பீடம் ஒன்று, அதிலிருந்து இரண்டு மண்டபங்கள் கால்சட்டையின் இரு கால்களைப் போலப் பிரிந்து செல்லும். ஒன்றில் வேளாளர், மற்றொன்றில் நாடாரும் பிறரும். பீடத்தில் நிற்கும் சாமியாருக்கு இரு கூட்டமும் தெரியும். ஒரு கூட்டத்துக்கு மற்றது தெரியாது. உலகக் கோயிற்கலையில் தமிழ்க் கிறிஸ்தவர்களின் தனிப் பங்களிப்பு என்று கசப்போடு சொல்லிக்கொள்ளலாம். 1910 வாக்கில் கௌசானல் அடிகளார் இரு மண்டபங்களையும் பிரித்த குறுக்குச்சுவரை இடித்தார். வேளாளர் தரப்பு நீதிமன்றத்துக்குப் போயிற்று. வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை நடந்தது. தனியிட உரிமை கிடைக்கவில்லை. ஆ. சிவசுப்பிரமணியன் 'கிறித்தவமும் சாதியும்' நூலில் இந்த வழக்கின் உள்விவரங்களை விரிவாகச் சொல்லியிருக்கிறார். தேவசகாயம் பிள்ளை ஞானஸ்நானம் பெற்ற ஊரில், அவர் யாரோடு உண்டாரோ அவர்களுக்கு எதிராகச் சுவர் எழும்பியது. எழுப்பியவர்கள் ஜெபமாலை தவறாதவர்கள்.

புதிய ஏற்பாட்டைக் கொஞ்சம் ஊன்றிப் படித்தால், ஆதித் திருச்சபையின் பெரிய சச்சரவுகளில் பல சாப்பாட்டுச் சச்சரவுகள் என்பது தெரியும். அந்தியோகியாவில் புறஜாதியாரோடு உண்டுகொண்டிருந்த பேதுரு, எருசலேமிலிருந்து ஆட்கள் வந்ததும் எழுந்து விலகினார். பவுல் முகத்துக்கு நேரே கண்டித்தார். கொரிந்துச் சபையில் வசதியுள்ளவர்கள் முன்னதாக உண்டு வெறித்திருக்க, பிந்தி வந்த ஏழைகள் பசியோடு நின்றார்கள். அது கர்த்தருடைய இராப்போஜனமே அல்ல என்று பவுல் எழுதினார். பொன்மோதிரக்காரனுக்கு நல்ல இடமும் கந்தை உடுத்தவனுக்குத் தரையும் கொடுப்பதை யாக்கோபு சாடுகிறார். இதே பவுல், எந்தக் கறி தின்பது, எந்த நாளை விசேஷமாக எண்ணுவது என்ற விஷயங்களில் அவரவர் மனசாட்சிக்கு விட்டுவிடுகிறார். ஆக, அவர் கையில் ஓர் அளவுகோல் இருந்திருக்கிறது. வழக்கம் எங்கிருந்து வந்தது என்பது அவருக்குப் பெரிதில்லை. அது யாரைப் பந்தியை விட்டு எழுப்புகிறது என்று பார்த்தார். அந்த அளவுகோலால் அளந்தால் பூவும் கும்மியும் பிழைக்கும், தனிப் பாய் பிழைக்காது.

இந்த அளவுகோலைக் கையிலெடுத்த தமிழர் ஒருவர் இருந்தார். 1874இல் வெள்ளாளன்விளையில் பிறந்த வி.எஸ். அசரியா, ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயராக 1912இல் தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கலில் பொறுப்பேற்றார். அவருடைய சபையில் பெரும்பாலோர் மாலா, மாதிகா என்ற தாழ்த்தப்பட்ட சாதி மக்கள். தங்களுக்குள்ளேயே ஒருவர் கையில் ஒருவர் வாங்கி உண்ணாதவர்கள். அசரியா தெலுங்குப் பாட்டையும் ஊர்த் திருவிழா முறையையும் வைத்துக்கொண்டார். இந்துக் கோயிலின் தூணும் மசூதியின் கும்மட்டமும் கலந்த பேராலயம் கட்டினார். திருவிருந்துக் கிண்ணத்தில் மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. 1910இல் எடின்பரோ மாநாட்டில் வெள்ளை மிஷனெரிகளின் முன் நின்று, உங்கள் தியாகத்தை மறக்கமாட்டோம், ஆனால் எங்களுக்கு நட்பைக் கொடுங்கள் என்று கேட்டவரும் அவரே. அரங்கில் பலருக்கு அது பிடிக்கவில்லை.

இவ்வளவும் சொன்ன பிறகு, என் வாதத்துக்கே இடையூறாக ஒருவர் வந்து நிற்கிறார்: ஜே. தியோபிலஸ் அப்பாவு. மதுரை தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பேராசிரியராக இருந்தவர், 'பரட்டை' என்ற பெயரில் பாட்டு எழுதியவர். கர்நாடக ராகத்தில் அமைந்த கீர்த்தனை எல்லாருக்கும் பொதுச் சொத்து என்று அவர் ஒப்பவில்லை. அந்த இசையே ஒரு மேல்தட்டு மண்டபம். சேரியிலிருந்து வருகிறவன் அதிலும் பின்வரிசையில்தான் உட்கார்கிறான் என்பது அவர் கட்சி. எனவே பறையும் கிராமிய மெட்டும் கொண்டு ஒரு முழு வழிபாட்டு முறையை அமைத்தார். பாட்டு பந்தியிலிருந்து பிரிக்கக்கூடியது என்று நான் மேலே எழுதியதை இது ஆட்டிவைக்கிறது. சாவு வீட்டுக் கருவி என்று ஒதுக்கப்பட்ட பறை, பீடத்தின் அருகே ஒலிக்கக் கூடாது என்று சில ஊர்களில் எதிர்ப்பு எழுந்ததை நினைத்தால், அப்பாவு சொன்னதில் நிறைய உண்மை இருக்கிறது. அவருடைய இறையியலின் மையம் ஒரே உலை: எல்லார் வீட்டு அரிசியும் ஒரு பானையில் வெந்து, எல்லாரும் அதில் உண்பது. பாட்டுக்கும் அந்த உலைதான் அளவு. நான் பார்த்தவரை, சாஸ்திரியார் விட்ட வழக்கை ஒழுங்காக முடித்துவைத்தவர் இவர்.

அந்த உலையைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் தென்மாவட்டத்து சி.எஸ்.ஐ. ஊர்களில் நடக்கும் அசனத்துக்குப் போகலாம். பிரதிஷ்டைப் பண்டிகைக்கு முன்னிரவே கோயில் பக்கத்தில் கோட்டை அடுப்பு மூட்டிவிடுவார்கள். வீட்டுக்கு இவ்வளவு என்று வரியும், வேண்டுதலாக அரிசி மூட்டையும் கிடாயும் வந்திருக்கும். ஆண்கள் விடிய விடியக் கறி வெட்டுவார்கள், பெண்கள் வட்டமாக உட்கார்ந்து உள்ளி உரிப்பார்கள். வெந்த சோற்றைப் புதுப் பாயில் வெள்ளைத் துணி விரித்துக் கொட்டுவார்கள். குன்று போல ஆவி பறக்கும். ஐயர் ஜெபித்த பிறகே முதல் அகப்பை. கார் வைத்திருப்பவரும் பீடி சுற்றுகிறவரும் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார்ந்து சாப்பிடுவதைப் பார்க்க மனம் நிறையும். உண்மையிலேயே பெரிய சாட்சி அது. ஆனால் பல ஊர்களில் சபையே ஒரே சாதியாக இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வேற்றாள் இல்லாத வீட்டில் சமபந்தி நடத்துவது கடினமல்ல.

இன்றைய வீட்டுப் பிரச்சினைகளுக்கும் இந்த அளவுகோல் உதவும். பொட்டு வைக்கலாமா, நகை போடலாமா, தாலியா மோதிரமா, பால் காய்ச்சலாமா என்று சபைகளில் நடக்கும் விவாதங்களுக்கு முடிவே இல்லை. நகையைக் கழற்றியவர் கழற்றாதவரைத் தாழ்வாகப் பார்க்காதவரை இரண்டுமே விசுவாசத்துக்குள் அடங்கும். ராகு காலம் வேறு வகை. வெள்ளிக்கிழமை பத்தரைக்கும் பன்னிரண்டுக்கும் இடையே கல்யாணம் வைக்கத் தயங்கும் கிறிஸ்தவக் குடும்பங்கள் உண்டு. கேட்டால் ஹால் கிடைக்கவில்லை என்பார்கள். சாஸ்திரியார் கும்மி பாடிய விஷயம் இது. மூடத்தனம் என்றாலும் அடுத்தவன் கன்னத்தில் அறைவதில்லை.

அறைவது எதுவென்றால், ஞாயிற்றுக்கிழமை நாளிதழின் மணமகள் தேவை விளம்பரம். 'ஆர்.சி.', 'சி.எஸ்.ஐ.' என்ற எழுத்துகளை ஒட்டி அடுத்த சொல்லாகச் சாதிப் பெயர் நிற்கும். 'ஆவிக்குரிய குடும்பம்' என்றும் அதே வரியில் இருக்கும். அறைவது கல்லறைத் தோட்டம். திருச்சி மேலப்புதூர்க் கல்லறையில் தலித் கிறிஸ்தவர்களைப் பிரித்து நின்ற சுவருக்காக இந்த நூற்றாண்டிலும் போராட வேண்டியிருந்தது. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை தலித் கிறிஸ்தவர்களைப் பட்டியல் சாதியாக ஏற்பதில்லை. 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் திறந்த கதவு அவர்களுக்குத் திறக்கவில்லை. கிறிஸ்தவத்தில் சாதி கிடையாது என்ற வாதம் நீதிமன்றத்தில் அவர்களுக்கு எதிராகவே வைக்கப்படுகிறது. நம் கல்லறைகள் அந்த வாதத்தைப் பொய்யாக்குகின்றன, அதுவும் அவர்கள் செலவில்.

ஆகவே இந்தக் கட்டுரையைப் படிக்கும் சபையாருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த சேகரக் கமிட்டிக் கூட்டத்தில் ஆராதனையில் கைதட்டலாமா, கீபோர்டு வேண்டுமா என்ற விவாதத்தை ஒரு மாதம் தள்ளிவையுங்கள். கல்லறைத் தோட்டத்தின் பதிவேட்டையும் கல்யாணப் பதிவேட்டையும் எடுத்து மேசைமேல் வையுங்கள். யார் எந்தப் பக்கம் புதைக்கப்பட்டிருக்கிறார்கள், கடந்த பத்து ஆண்டுகளில் எத்தனை கல்யாணம் சாதியைத் தாண்டி நடந்தது என்று எண்ணிப் பாருங்கள். அந்த எண்ணிக்கையை வருகிற ஞாயிறு அறிவிப்பில், காணிக்கைக் கணக்கு வாசிக்கிற அதே குரலில் வாசியுங்கள்.